விளக்கும் பிளைண்ட்ஸும் வயர்லெஸ்ஸில்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வயர்மேன் வேலை செய்கிறேன். தோட்டத்து லயன் வீடுகளை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த குடும்பங்கள்தான் எனக்கு அதிகம். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு வரும்போது ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் சுவிட்ச், பிளைண்ட்ஸ் என்கிற ஜன்னல் திரைக்கு மோட்டார் என்று வாங்கிவந்து மாட்டிவிட்டு, லீவு முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பிறகு வீட்டில் இருக்கும் அம்மாவும் பாட்டியும் என்னைக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வீடு சந்தேகம் ஒன்றேதான் என்பதால் எழுதிவைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"தம்பி, வயர்லெஸ்னு சொல்றியே, அப்ப கரண்டு வயரே வேண்டாமா?"

வேண்டும்மா. விளக்கு எரிவதும் மோட்டார் சுற்றுவதும் வீட்டுக்கு வரும் அதே 230 வோல்ட் மின்சாரத்தில்தான். பேட்டரி வைத்த பிளைண்ட்ஸ் மோட்டார் மட்டும் விதிவிலக்கு. வயர் இல்லாமல் போவது 'எரி', 'அணை', 'ஏறு', 'இறங்கு' என்கிற கட்டளைதான். சுவிட்சுக்குப் பின்னாலோ விளக்குக்குப் பக்கத்திலோ சின்ன ரிலே ஒன்று இருக்கும். ரேடியோ அலையில் கட்டளை வந்ததும் அது 'டக்'கென்று வயரைச் சேர்த்து மின்சாரத்தை விடும். பழைய சுவிட்சில் உங்கள் விரல் செய்த வேலையைத்தான் அது செய்கிறது.

"ஆட்டோ கேட் ரிமோட் மாதிரிதானே இது?"

பாதி சரி. நம் ஊர் ஆட்டோ கேட் ரிமோட்டுகள் பெரும்பாலும் 330 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. பிளைண்ட்ஸ் ரிமோட்டுகளிலும் நிறைய அந்த 433 பக்கம்தான். அவை ஒருவழிப் பேச்சு. ரிமோட் கத்தும், மோட்டார் கேட்கும். கேட்டதா, செய்ததா என்று மோட்டார் திருப்பிச் சொல்லாது. கேட் திறந்ததா என்று நீங்கள் எட்டிப் பார்த்துக்கொள்கிறீர்கள் அல்லவா, அதே கதைதான்.

ஸிக்பீ (வீட்டுச் சாமான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு ரேடியோ முறை), வைஃபை போன்றவை இருவழிப் பேச்சு. 'திரை 60 சதவீதம் இறங்கியிருக்கிறது' என்று மோட்டாரே பதில் சொல்லும். ஈப்போவில் இருந்துகொண்டு வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் இருவழியில் பேசும் சாமான்தான் வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து திரையை ஏற்றி இறக்க மட்டும் என்றால் ஒருவழி ரிமோட்டே தாராளம். விலையும் குறைவு.

"ஸிக்பீ, வைஃபை, புளூடூத்னு பெட்டியில என்னென்னமோ போட்டிருக்கு. எதை வாங்குறது?"

வைஃபை சாமானுக்கு ஹப் (கட்டளைகளை வாங்கிச் சாமான்களுக்கு அனுப்பும் நடுப்பெட்டி) தேவையில்லை, வீட்டு ரவுட்டரோடு நேரே சேர்ந்துவிடும். இரண்டு மூன்று விளக்குக்கு இது போதும். இருபது முப்பது ஆகும்போது, லைனோடு வந்த சாதாரண ரவுட்டர் திணறுவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். இன்னொன்று, இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே எடுக்கும். 'சேரவே மாட்டேங்குது' என்று கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல், போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதுதான் காரணம்.

ஸிக்பீக்கு ஒரு ஹப் வேண்டும். மின்சாரம் மிகக் குறைவாகத் தின்னும் என்பதால் பட்டன் பேட்டரியில் ஓடும் சென்சர்களுக்கும் பேட்டரி மோட்டாருக்கும் இதுதான் தோது. வீடு முழுக்கச் செய்வதாக இருந்தால் நான் ஸிக்பீ பக்கம். வெறும் புளூடூத் சாமான் போன் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே கேட்கும். படுக்கையறை விளக்கு ஒன்றுக்குச் சரி.

"எங்க வீடு முன்னாடி போர்ச்சிலேர்ந்து பின்னாடி குசினி வரைக்கும் நீளம். அலை போய்ச் சேருமா?"

ஒரே தாவலில் சேராது. நம் வரிசை வீடுகளில் நடுவே இரண்டு மூன்று செங்கல் சுவர்கள். ஸிக்பீயில் ஒரு சாமான் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். தோட்டத்தில் தண்ணீர் வாளியைக் கைமாற்றி அனுப்புவோமே, அப்படி. ஹாலில் இருக்கும் பிளக், நடு அறைச் சுவிட்ச், குசினி விளக்கு என்று செய்தி தாவித் தாவிப் போகும்.

ஆனால் எப்போதும் மின்சாரத்தில் இருப்பவை மட்டுமே இப்படிக் கைமாற்றும். பேட்டரி சாமான் தூங்கித் தூங்கி எழுவது, அது கைமாற்றாது. அதனால் குசினி பிளைண்ட்ஸில் பேட்டரி மோட்டார் போட்டால் வழியில் ஒரு ஸ்மார்ட் பிளக்காவது இருக்க வேண்டும். ஹப்பை ரவுட்டரின் தலையில் வைக்காதீர்கள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒன்றின் பேச்சை மற்றது அமுக்கும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பெரிய நிலைக்கண்ணாடி, இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாமே அலையைத் தடுக்கும்.

"லைன் போயிட்டா வீடே இருட்டாயிடுமா?"

இன்டர்நெட் லைனைக் கேட்கிறீர்கள் என்றால், எங்கே முடிவெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. சில வைஃபை சாமான்களில் போனில் நீங்கள் தட்டுவது வெளிநாட்டு சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துதான் உங்கள் ஹால் விளக்கைத் தொடும். லைன் அறுந்தால் ஆப் செத்தது. ஹப்புக்குள்ளேயே முடிவெடுக்கும் அமைப்பில் லைன் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் எல்லாம் நடக்கும், வெளியூரிலிருந்து மட்டும் பார்க்க முடியாது. வாங்கும்போது 'இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா' என்று கேளுங்கள். மாட்டிய அன்றே ரவுட்டரின் லைன் வயரைப் பிடுங்கி ஒருமுறை சோதித்தும் பாருங்கள்.

சுவரில் இருக்கும் சுவிட்ச் எந்த நிலையிலும் வேலை செய்ய வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"கரண்டு போயிட்டு வந்தா எல்லா லைட்டும் தானா எரியுதே?"

ஸ்மார்ட் பல்புகள் பல அப்படித்தான் வரும். மின்சாரம் திரும்பியதும் 'யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டார்கள்' என்று நினைத்து எரியும். ஆப்பில் 'மின்சாரம் வந்த பிறகு' என்ற அமைப்பைத் தேடி 'முன்பிருந்த நிலை' என்று மாற்றுங்கள்.

"பல்பை மாத்தணுமா, சுவிட்சை மாத்தணுமா?"

என்னைக் கேட்டால் சுவிட்ச். ஏன் என்று சொல்கிறேன். தாமானில் ஒரு பாட்டி வீடு. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், இன்றைக்கும் விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். அவர் அறைச் சுவிட்சின் வலது ஓரத்தில் மஞ்சள் பூசினாற்போல ஒரு தேய்மானம். இருட்டில் கை நேராக அங்கேதான் போகும். பேரன் ஸ்மார்ட் பல்பு மாட்டிவிட்டு, சுவிட்சைத் தொடக்கூடாது என்று அதன்மேல் டேப் ஒட்டிவிட்டுப் போனான். பாட்டி நாலு நாள் இருட்டிலேயே குசினிக்கு நடந்திருக்கிறார்.

ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். சுவிட்சை அடைத்தால் பல்பு செத்த சாமான், ஆப்பும் கேட்காது, கைமாற்றும் சங்கிலியும் அந்த இடத்தில் அறும். ஸ்மார்ட் சுவிட்ச் போட்டால் பழைய பல்பே இருக்கலாம், பாட்டி தட்டினாலும் எரியும், பேரன் சிங்கப்பூரிலிருந்து தட்டினாலும் எரியும். வெளிச்சத்தின் நிறத்தை மாற்றத்தான் ஸ்மார்ட் பல்பு வேண்டும். அப்படி வேண்டியவர்கள் மேசை விளக்கிலோ சாமி மேடையிலோ போட்டுக்கொள்ளலாம். அந்தப் பாட்டி வீட்டில் டேப்பை உரித்துவிட்டு, அதே இடத்தில், அதே உயரத்தில், அழுத்தும் பட்டன் உள்ள ஸ்மார்ட் சுவிட்சைப் போட்டேன். வழவழப்பான தொடு கண்ணாடிச் சுவிட்சை வேண்டாம் என்றேன். இருட்டில் அதைக் கை தேடிப் பிடிக்காது.

"வயர்மேன் ஒருத்தர் தொறந்து பாத்துட்டு 'நியூட்ரல் இல்ல'ன்னு மூடிட்டுப் போயிட்டாரு. அப்படின்னா என்னண்ணே?"

மின்சாரம் ஒரு வயரில் வந்து இன்னொரு வயரில் திரும்ப வேண்டும். வருவது லைவ், திரும்புவது நியூட்ரல். நம் வீடுகளில் நியூட்ரல் வயரை நேரே சீலிங் விளக்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சுவிட்ச் பெட்டிக்கு லைவ் இறங்கும், அங்கிருந்து விளக்குக்கு ஒரு வயர் ஏறும், அவ்வளவுதான். சாதாரணச் சுவிட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் சுவிட்ச் விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து ரேடியோவைக் கேட்க வேண்டும். அதற்குத் தனியாகக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரம் திரும்பிப் போக நியூட்ரல் வேண்டும்.

மூன்று வழி உண்டு. குழாயில் இடமிருந்தால் புதிதாக நியூட்ரல் இழுப்பது, இதுவே நல்லது. இரண்டாவது, சீலிங்கில் விளக்குக்குப் பக்கத்தில் சிறிய ரிலே வைப்பது. அங்கே நியூட்ரல் இருக்கிறது. மூன்றாவது, 'நியூட்ரல் தேவையில்லை' என்று போட்ட சுவிட்ச். அது தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டுக்கொள்ளும். இந்த வகை பெரும்பாலும் செய்தியைக் கைமாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். வீடு முழுக்க இதையே போட்டுவிட்டு குசினிக்கு அலை வரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

எந்த வழியானாலும் சுவருக்குள் கை வைப்பவர் எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிந்த வயர்மேனாக இருக்க வேண்டும். யூடியூப் பார்த்துவிட்டு மகன் திறப்பதை அனுமதிக்காதீர்கள்.

"அடைச்ச பிறகும் லைட் லேசா மினுக்கிக்கிட்டே இருக்கு. பேய் மாதிரி இருக்குப்பா."

மேலே சொன்ன அந்தக் கசிவுதான். பழைய குண்டு பல்புக்கு அந்தத் துளி மின்சாரம் தெரியவே தெரியாது. இன்றைய 3, 5 வாட் எல்இடிக்கு அது மங்கலாக எரியவோ விட்டுவிட்டு மின்னவோ போதும். சுவிட்ச் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே கெப்பாசிட்டர் என்ற சின்னப் பாகம் ஒன்று வந்திருக்கும். பலர் 'உபரி' என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதை விளக்கின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே போட்டால் கசிவு அதன் வழியே போய்விடும், மினுக்கல் நின்றுவிடும்.

"வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரை ஃபேனுக்கும் போடலாமா?"

கூடாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 அலை, ஒவ்வொரு அலையிலும் இரண்டு பாதி. டிம்மர் ஒவ்வொரு பாதியிலும் ஒரு துண்டை வெட்டி எறிகிறது. அதாவது நொடிக்கு 100 முறை அணைத்து எரிக்கிறது, கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. 1959-இல் ஜோயல் ஸ்பைரா செமிகண்டக்டரால் செய்த டிம்மரிலிருந்து இன்றுவரை இதுதான் அடிப்படை. வெட்டுப்பட்ட மின்சாரத்தில் சீலிங் ஃபேன் உறுமும், சூடாகும். ஃபேனுக்கென்றே செய்த ஸ்மார்ட் ரெகுலேட்டர் வாங்குங்கள். எல்இடியிலும் 'டிம்மபிள்' என்று போட்டதைத்தான் டிம்மரில் மாட்டலாம்.

"ஏற்கெனவே இருக்கிற பிளைண்ட்ஸுக்கே மோட்டார் மாட்ட முடியுமா?"

மணிச்சங்கிலி இழுத்துச் சுருட்டும் ரோலர் பிளைண்ட்ஸ் என்றால் முடியும். சங்கிலியைக் கவ்வி இழுக்கும் மோட்டாரைச் சுவரில் திருகிவிடலாம். அழகாக வேண்டுமென்றால் சுருளும் குழாய்க்குள்ளேயே நுழையும் மோட்டார். அதற்குக் குழாயின் உள்விட்டத்தை அளக்க வேண்டும், துணியின் எடையையும் பார்க்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் நான் குழாய் மோட்டாரையே சொல்வேன். தொங்கும் கயிறும் சங்கிலியும் பிள்ளை கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

மின்சாரத்தில் ஓடும் குழாய் மோட்டார் தொடர்ந்து சுமார் 4 நிமிடம்தான் ஓடும், பிறகு சூட்டில் தானே நின்று ஆறும். 'மோட்டார் செத்துப்போச்சு' என்று பதறாமல் அரை மணி நேரம் விடுங்கள். அதில் ஏற ஒரு வயர், இறங்க ஒரு வயர். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனால் மோட்டார் வீண். அதனால் விளக்குக்கு வாங்கிய இரட்டைச் சுவிட்சை இதற்குப் போடக்கூடாது. பிளைண்ட்ஸுக்கென்றே உள்ள சுவிட்ச் ஒன்றை விட்ட பிறகுதான் மற்றதைத் தொடும்.

"பாதியில நில்லுன்னா பாதி எங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மாட்டியவுடன் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் நாம் கற்றுக்கொடுக்கிறோம். இடையில் எத்தனை சுற்று என்று மோட்டார் எண்ணிவைத்துக்கொள்ளும். பாதி என்றால் அந்த எண்ணிக்கையில் பாதி. துணி நாளாவட்டத்தில் நீளும், அப்போது கீழ்ப்பட்டை ஜன்னல் திண்டில் மடியத் தொடங்கும். எல்லையை மறுபடி கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும். ஒருவழி ரிமோட் மோட்டாருக்கும் இந்த எண்ணிக்கை உண்டு, உங்களிடம் சொல்லத்தான் அதற்கு வாய் இல்லை.

"சாயங்கால வெயில் ஹாலை வறுத்தெடுக்குது. எத்தனை மணிக்கு எறங்கச் சொல்லி வைக்கிறது?"

மேற்கு பார்த்த ஹாலுக்கு நான் பிற்பகல் 2.30 போடுவேன். 1982 முதல் நம் கடிகாரம் கிழக்கு மலேசியாவோடு ஒன்றாக ஓடுகிறது. அதனால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே 1.15 வாக்கில்தான். கடுமையான மேற்கு வெயில் 3 முதல் 6.30 வரை. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் மறையும் நேரம் வருஷம் முழுக்க ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள்தான் நகர்கிறது. நிலையான மணியே போதும், அல்லது 'மறைவுக்கு முன் 4 மணி நேரம்' என்று வைக்கலாம். மறைந்ததும் தானாக ஏறவும் சொல்லிவையுங்கள், மாலைக் காற்று உள்ளே வரட்டும். ஜூன் வாக்கில் சூரியன் வடக்கே சாய்வதால் வடக்கு ஜன்னலுக்கும் வெயில் வரும், டிசம்பரில் தெற்கு ஜன்னலுக்கு.

கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரை வெளிச்சத்தைத் தடுக்கும், வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதால் சூட்டில் பெரும்பகுதி அறையிலேயே தங்கும். வெளியே போர்ச்சில் தொங்கும் பிடாய் என்கிற மூங்கில் திரைதான் சூட்டை நன்றாகத் தடுக்கிறது. அதற்கு மோட்டார் போட்டால் காற்று சென்சரும் போடுங்கள். நம் ஊர் மாலைப் புயல்மழை ஐந்து நிமிடத்தில் பிடாயைக் கிழித்துவிடும்.

"இடி இடிச்சா இதெல்லாம் எரிஞ்சு போயிடாதா?"

எரியலாம். மின்னல் அதிர்ச்சி தெனாகா மின்சார லைன் வழியாக வரும். வீட்டு மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டியில் மின்னல் பாதுகாப்புக் கருவி ஒன்றைப் போடச் சொல்கிறேன், ஹப்பையும் ரவுட்டரையும் மழை இருண்டால் பிடுங்கவும் சொல்கிறேன். ஃபைபர் லைன் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கொண்டுவராது. சுவருக்குள் இருக்கும் சுவிட்சைப் பிடுங்க முடியாது என்பதால் டிபி பெட்டிப் பாதுகாப்பு முக்கியம்.

"ஆன்லைன்ல பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?"

மூன்றைப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா. அமெரிக்காவுக்குச் செய்த 120 வோல்ட் மோட்டார் இங்கே மாட்டியதும் புகையும். ரேடியோ சாமானில் எம்.சி.எம்.சி. (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கிறதா. ஸிக்பீ போன்ற இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவ் என்று போட்டிருந்தால் எந்த நாட்டு அலைவரிசை. அமெரிக்காவுடையது 908 மெகாஹெர்ட்ஸ், நம்முடையது வேறு, இரண்டும் பேசிக்கொள்ளாது.

"கம்பெனியே மூடிட்டா என்ன செய்யறது?"

என் வீட்டிலேயே நடந்தது. முதன்முதலில் நான் வாங்கிய வைஃபை சுவிட்சுகள் ஆறு. விற்றவர்கள் ஒருநாள் சர்வரை நிறுத்தினார்கள், ஆப் 'இணைக்க முடியவில்லை' என்றதோடு சரி. சுவரில் தட்டினால் எரிந்தது என்பதால் குடும்பம் பிழைத்தது. அதற்குப் பிறகு உள்ளூரிலேயே ஓடும் சாமானைத்தான் வாங்குகிறேன்.

2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொது மொழி வெளிவந்தது. விளக்கும் பிளைண்ட்ஸும் முதல் பதிப்பிலேயே உண்டு. அந்த முத்திரை உள்ளதை ஒரு கம்பெனியின் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், வீட்டுக்குள் இன்டர்நெட் இல்லாமலும் பேசும். உங்கள் பழைய ஸிக்பீ சாமான் தானாக மேட்டர் ஆகாது. ஹப் மேட்டரைப் பேசினால் அதன் வழியாகச் சேரும்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் தொடாமலே விளக்கு எரியுது. பக்கத்து வீட்டுக்காரன் ரிமோட்டா?"

சில வேளை ஆமாம். மாறாத குறியீடு அனுப்பும் மலிவான ஒருவழி ரிமோட் என்றால் பக்கத்து வீட்டுக் குறியீடும் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். சாவிக் கடையில் நகலெடுக்க முடிகிற ரிமோட் இந்த வகைதான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் ரிமோட்டில் இது நடக்காது. வைஃபை சாமானாக இருந்தால் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, அன்று இரவு ஒரு நொடி கரண்டு போய் வந்ததா என்று ஆப்பின் பதிவில் பாருங்கள். அப்படியானால் பதில் மேலே ஆறாவது கேள்வியில் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் நடமாட்ட சென்சர். அது உடம்புச் சூடு நகர்வதைத்தான் பார்க்கிறது, ஆள் என்று அதற்குத் தெரியாது. போன மாதம் ஓர் அக்கா வீட்டில் இதே புகார். சென்சரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன், வெள்ளைக் கண்ணாடியில் சின்னச் சின்னக் கால் தடம். சென்சருக்கு மேலே இருந்த குழல் விளக்கில் பூச்சி பிடிக்கப் பல்லி அந்த வழியாகவே இறங்கி ஏறியிருக்கிறது. சென்சரைத் துடைத்து, விளக்கிலிருந்து தள்ளி, கணுக்கால் உயரத்தில் எதிர்ச்சுவரில் மாட்டினேன். இப்போது அக்காவின் மாமியார் கழிவறைக்கு எழும்போது மட்டும் எரிகிறது.